கார்னெட்டுக்கு முறை வைத்த ஊர்

பிள்ளைகளா, சென்னையில் பழைய வாத்தியங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு கூடத்தில் பித்தளைக் கார்னெட் ஒன்று இருக்கிறது. அது நம் கோட்டைக்குப்பத்திலிருந்து போனது. எப்படிப் போனது என்பதை உங்கம்மா ஒரு மாதிரி சொல்வாள், தோணிரேவில் இருக்கும் உங்கள் மாமன்மார் வேறு மாதிரி சொல்வார்கள். மாமன்மார் சொல்வதில் நான் ஏரிக்குள் விழுவதாக வரும். நான் விழவில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளவும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

கார்னெட் என்பது ட்ரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி. குட்டையாக, உடம்பைச் சுருட்டிக்கொண்டு, முன்வாய் அகலமாக இருக்கும். மேலே மூன்று பொத்தான்கள். அமுக்கினால் சத்தம் மாறும். நம் கார்னெட்டில் நடுப்பொத்தான் அமுங்கினால் தானாக எழும்பாது. நகத்தால் கிள்ளித் தூக்கிவிட வேண்டும்.

அதை வைத்திருந்தவர் நம் தெருக்கோடியில் இருந்த ஒரு பெரியவர். வாலிபத்தில் சென்னை பேண்டு செட்டில் இருந்துவிட்டு, பல் எல்லாம் போனபிறகு ஊருக்குத் திரும்பியவர். கல்யாணம் கட்டாதவர். பல் இல்லாமல் கார்னெட் ஊத வராதாம், அதனால் அவர் ஊதி நாங்கள் யாரும் கேட்டதில்லை. இது ஏது என்று கேட்டால், டச்சுக்காரன் கோட்டையில் விட்டுவிட்டுப் போனது என்பார். ஒருமுறை நடுக்கடலில் திமிங்கிலத்தின் முதுகில் உட்கார்ந்து பீடி குடித்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஊர் திமிங்கிலத்தை நம்பவில்லை, டச்சுக்காரனை நம்பியது. பழவேற்காட்டில் எங்கே தோண்டினாலும் பழைய செங்கல்லும் பீங்கான் சில்லும் வரும், எல்லாம் டச்சுக்காரனுடையது என்றுதான் சொல்வோம். ஒரு கார்னெட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்க மாட்டானா என்று நினைத்துக்கொண்டோம்.

பெரியவர் இறந்துபோனார். வாரிசு இல்லாதவர் சாமான் ஊருக்குப் பொது. பாயையும் குண்டானையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். கார்னெட் மிஞ்சியது. ஆளாளுக்கு எனக்கு உனக்கு என்று இழுத்தபோது, ஊர்த் தலைவர் கையைத் தூக்கினார்.

இங்கே நம் ஏரியின் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எறா நன்றாக விழுகிற இடம் ஏரியில் கொஞ்சம்தான். அங்கே வலை போட வீட்டுக்கு வீடு முறை உண்டு, அதைத்தான் பாடு என்கிறோம். இன்றைக்கு உன் பாடு என்றால் நல்ல இடம் உனக்கு, நாளைக்கு அடுத்தவனுக்கு. காய்ச்சல் என்றால் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றினது மாற்றினதுதான், பேச்சு மாறக்கூடாது. நம் தலைவர் இந்த ஒரே கணக்கில் உலகத்தையே பங்கு போடத் தெரிந்தவர். கோயில் அண்டாவுக்கு முறை, ஊரின் முதல் டிவியை எந்த வீட்டில் வைப்பது என்பதற்கு முறை. கார்னெட்டை மட்டும் விடுவாரா.

"முப்பது வூடு கீது. மாசத்துல முப்பது நாள். வூட்டுக்கு ஒரு நாள். காலைலேர்ந்து ஊதிக்கலாம், பொழுது சாய அடுத்த வூட்டுக்குக் குடுத்துடணும்" என்றார்.

"பொழுது சாஞ்சப்புறம் ஊதலாமா தலைவரே?" என்று ஒருவர் கேட்டார்.

"ஊதினா அந்த வூட்டுக்குப் பொண்ணு யாரும் குடுக்கக்கூடாதுனு ஊர் கட்டுப்பாடு போடுவேன்."

இப்படிக் கார்னெட் வீடு வீடாகப் போக ஆரம்பித்தது. முதல் வீட்டில் அதைப் புனலாக வைத்து, கேனிலிருந்து பாட்டிலுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் விஷயம் தெரியாமல் வாயை வைத்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் துப்பிக்கொண்டே இருந்தார். ஒரு வீட்டில் மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள், ஊதவே இல்லை. இன்னொரு வீட்டில் மருமகள் ஊதியதைக் கேட்டு மாமியார் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மருமகள் அடுத்த மாதமும் தன் முறைக்கு ஆவலாகக் காத்திருந்தாள். எல்லா வீட்டிலும் புளி போட்டுத் தேய்த்தார்கள், அதனால் கார்னெட் பளபளவென்று ஆகிவிட்டது.

என் முறை வந்த நாளில் எனக்கு ஒன்று நேர்ந்தது. இதைச் சொன்னால் உங்கம்மா சிரிப்பாள், நீங்கள் சிரிக்க வேண்டாம். ஏரிக்கரையில் நின்று, வலை இழுக்கும்போது மூச்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, மெதுவாக விட்டேன். நீளமாக ஒரு சத்தம் வந்தது. எருமை சத்தம் இல்லை, சங்கு சத்தம் இல்லை. கரையில் குரைத்துக்கொண்டிருந்த நாய் உட்கார்ந்துவிட்டது. எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அதுவரைக்கும் எதிலும் நான் முதல் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு. தோணியில் கழி ஊன்றுவதில் நடுத்தரம். வலை வீசினால் என் அண்ணன் வீசியதில் பாதிதான் விரியும். இந்த ஒன்று எனக்கு வரும் என்று தோன்றியது. பொழுது சாய்ந்ததும் அடுத்த வீட்டில் கொடுக்கும்போது கை கொடுக்க மறுத்தது.

மூன்றாவது மாதம் சென்னையிலிருந்து ஒரு சார் வந்தார். பழைய வாத்தியங்களைச் சேர்க்கிற கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வந்த இடத்தில் யாரோ சொல்லி நம் ஊருக்கு வந்தார். அன்றைக்குக் கார்னெட் இருந்த வீட்டில் அதன் வாய்க்குள் கரண்டிகளைச் செருகி வைத்திருந்தார்கள். சார் கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு ஒரு சின்ன லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்பப் பழசுங்க, அருமையான வேலை. ஆனா டச்சுக்காரங்க காலத்துது இல்ல. அவங்க இங்கிருந்து கிளம்பினப்போ இந்த மாதிரி பொத்தான் வெச்ச கார்னெட்டே வரல. இது அதுக்கப்புறம் அறுபது எழுபது வருஷம் கழிச்சுச் செஞ்சது" என்றார்.

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "போனவன் எதையாவது மறந்துட்டு, எடுக்கத் திரும்பி வந்துருப்பான். வந்த எடத்துல இத மறந்துருப்பான்" என்றார்.

சார் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டார். உப்புக் காற்றிலும் புளியிலும் இன்னும் நாலு வருஷத்தில் பித்தளை அரித்துவிடும், கூடத்தில் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் நூறு வருஷம் இருக்கும், ஊர் பேரையும் எழுதி வைப்போம் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத நான் எழுந்து, "ஊதறவன் ஊர்ல இருந்தா அத ஏன் பொட்டில வெக்கணும்?" என்றேன்.

"ஊதறவன் யாரு?" என்றார் தலைவர்.

"நான்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. தலைவர் சிரிக்கவில்லை. டச்சுக்காரன் விஷயத்தில் சார்மேல் அவருக்குக் கோபம். "ஒரு மாசம் டைம் குடுக்கறோம் சார். அதுக்குள்ள இவன் ஒரு பாட்ட முழுசா ஊதினா கார்னெட்டு ஊர்லயே கெடக்கும். ஊதலைன்னா நீ எடுத்துகினு போ" என்றார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் புரிந்தது. ஒரு மாதத்தில் எனக்குக் கார்னெட் கிடைப்பது ஒரே நாள்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். முறையை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் வழக்கமாயிற்றே. எறா முறையைக் கொடுத்துக் கார்னெட் முறையை வாங்கினேன். நல்ல இடத்தில் ஒரு நாள் வலை போடும் என் முறை ஒன்றுக்கு, ஐந்து வீட்டின் கார்னெட் முறை. அந்த ஐந்து வீட்டாரும் என் எறாவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "உனக்கு ஒடம்பு நல்லாத்தானே கீது?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். நாலு எறா முறையைக் கொடுத்தேன், இருபது நாள் கார்னெட் என் கையில்.

உங்கம்மாவிடம் சொல்லவில்லை. விடியற்காலை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதற்குள் கார்னெட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தோணியில் போவேன். சுமாரான இடத்தில் பேருக்கு வலையைப் போட்டுவிட்டு ஊதுவேன். கெண்டையும் நண்டும் கொஞ்சம் வரும்.

"எறா எங்க?" என்பாள்.

"தண்ணி சரியில்ல."

"பக்கத்து வூட்டுக்கு மட்டும் தண்ணி சரியா கீதா?"

"அவங்களுக்கு இன்னாவோ அமையுது."

பத்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் எறாத் தொக்கு கொண்டுவந்தார். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

"இந்தாம்மே, கொழந்தைக்குப் பால் குடுக்கறவ, நல்லா துன்னு. ஒங்க மொறைல புடிச்ச எறாதான். ஒன் புருஷனுக்குப் பெரிய மனசு" என்றார்.

உங்கம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அந்த அக்காவை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினாள். பிறகு தொக்கு முழுவதையும் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"கார்னெட்ட கொழம்பு வெச்சு நீ துன்னு" என்றாள்.

அதற்கு மேல் ஒரு வாரம் பேச்சே இல்லை. அவள் பேசாமல் இருந்த நேரத்தில் ஊர் பேச ஆரம்பித்தது. என் முறையை வாங்கியவர்கள் நாலு பேர் தலைவரிடம் போய், இவன் ஊதுவதால் எறா ஓடுகிறது, எங்களுக்கு நஷ்டம், முறையைத் திருப்பிக் கொடு என்றார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"எறாவுக்குக் காது இல்ல தலைவரே" என்றேன்.

"மீசை கீதே. அதுல கேக்கும்" என்றார் பெரிய மீசைக்காரர் ஒருவர்.

"மீசைல கேக்கும்னா ஒனக்கு ரெண்டு மடங்கு கேக்கணும்."

"கேக்குதே. அதனாலதானே இங்க வந்து நிக்கறேன்."

தலைவர் தீர்ப்புச் சொன்னார். மாற்றின முறை மாற்றினதுதான், அதைத் தொட முடியாது என்றார். ஆனால் ஏரியில் ஊதக்கூடாது, ஊருக்குள்ளும் ஊதக்கூடாது. பிறகு எங்கே ஊதுவது என்று கேட்டேன். "டச்சுக்காரன் சமாதிக்குப் போ. அவன் சாமான்தானே, அவன் கேக்கட்டும்" என்றார். சார் சொன்னதை அவர் கடைசிவரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில், கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். மிச்ச நாட்களில் அந்த மதில் ஓரம் வெளியே உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன். ஒரு பாட்டை முழுதும் எழுந்து போகாமல் கேட்டது அவர்கள் இரண்டு பேர்தான். என்ன பாட்டு என்று கேட்பீர்கள். பெரியவளே, உனக்கு அப்போது எட்டு மாதம். உங்கம்மா தினம் உனக்குப் பாடுகிற தாலாட்டுதான் எனக்கு முதலிலிருந்து கடைசிவரை தெரிந்த ஒரே பாட்டு. சில நாள் உன்னையும் தோளில் போட்டுக்கொண்டு போய், பக்கத்தில் கிடத்திவிட்டு ஊதுவேன். பேசாமல் இருந்த உங்கம்மா அதற்கு மட்டும் தடை சொல்லவில்லை. அவளுக்கும் வலை தைக்க ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது.

மாதம் முடிந்து சார் வந்தார். கோயில் முன்னால் ஊரே கூடியது. கைக்குழந்தைக்காரிகளும் வந்தார்கள், வேடிக்கை பார்க்கத்தான். நான் நடுவில் நின்றேன். வாய் உலர்ந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

தாலாட்டின் முதல் வரிக்கே ஊரிலிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் எழுந்து அழ ஆரம்பித்தன. நான் நிறுத்தவில்லை. இரண்டாவது வரியில் நடுப்பொத்தான் அமுங்கிக்கொண்டது. அதைக் கிள்ளித் தூக்குவதற்குள் ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, கொட்டகையிலிருந்து ஆடு பதில் சொன்னது. அப்போதும் நிறுத்தவில்லை. மூச்சு முட்டிக் கண்ணில் தண்ணீர் வந்தாலும் கடைசி வரியை இழுத்து முடித்தேன். உங்கம்மா மடியில் நீ மட்டும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்கு இசை ஞானம் என்று நான் சொல்வேன், பழகிப்போச்சு என்று உங்கம்மா சொல்வாள்.

"முழுசா ஊதிட்டான். பேச்சுனா பேச்சுதான். கார்னெட்டு ஊர்லயே கெடக்கும்" என்றார் தலைவர்.

பிறகு முதல் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்தார்.

"கெடக்கட்டும் தலைவரே. என் மொறைய நான் இந்த சாருக்குக் குடுத்துட்டேன்."

"பதிலுக்கு இன்னா வாங்கிகின?"

"நிம்மதி."

தலைவர் தாடையைத் தடவினார். முறையை யாருக்குக் கொடுத்தாலும் செல்லும், அதில் அவருக்கே மறுபேச்சு கிடையாது. அடுத்தவர் எழுந்தார், என் முறையும் சாருக்கு என்றார். அதற்கடுத்தவர். கைக்குழந்தையை ஆட்டிக்கொண்டே ஒரு பெண் எழுந்து எங்கள் வீட்டு முறையும் என்றாள். மாமியாரை விரட்டிய மருமகள்கூடக் கொஞ்சம் தயங்கிவிட்டு எழுந்தாள். இருபத்தொன்பது வீட்டாரும் கொடுத்துவிட்டார்கள். நான் கார்னெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரே என்னைப் பார்த்தது. நானும் கொடுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இருபத்தொன்பது நாள் சென்னையில் இருக்கிற சாமானுக்கு ஒரு நாள் முறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

"எங்க மொறைய நாங்க குடுக்கல" என்று ஒரு குரல் வந்தது.

உங்கம்மாதான். ஊர்க் கூட்டத்தில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, எல்லாரும் குடுத்துட்டாங்களே" என்றார் தலைவர்.

"அவங்க சும்மா வந்தத சும்மா குடுத்தாங்க. நாங்க நாலு மொறை எறாவ உட்டுட்டு இவரு கத்துகினது இது. பால் குடுக்கறவ நான், ஒரு மாசம் நண்டுக் காலக் கடிச்சிகினு கெடந்தேன். மாசத்துல ஒரு நாள் எங்களுது. எழுதிக் குடுத்துட்டு எடுத்துகினு போவட்டும்."

சார் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, கோட்டைக்குப்பம் ஊர்ப் பொதுவின் கார்னெட், மாதத்தில் ஒரு நாள் இன்ன வீட்டாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைவர் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஓரத்தில் டச்சுக்காரனுடையது என்றும் எழுதச் சொன்னார். சார், "அப்படிச் சொல்லப்படுகிறது" என்று எழுதினார்.

அடுத்த மாதம் எங்கள் முறை வந்தது. பஸ் ஏறிப் பொன்னேரி போய், அங்கிருந்து ரயிலில் சென்னைக்குப் போனோம், நான், உங்கம்மா, அவள் இடுப்பில் நீ. கூடத்தில் வீணை, மத்தளம், பேர் தெரியாத நரம்பு வாத்தியம் எல்லாம் வரிசையாக இருந்தன. நம் கார்னெட்டுக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி. புளிப் பளபளப்பு போய் ஒரு மாதிரி மங்கலாக, மரியாதையாக இருந்தது. சார் சொன்ன பேச்சைக் காப்பாற்றினார். பெட்டியைத் திறந்து, எனக்கு வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிவிட்டு, கார்னெட்டை மடியில் வைத்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் நீங்க வெச்சிருக்கலாம். ஆனா ஊதாதீங்க. மூச்சு ஈரம் பட்டா உள்ளே கெட்டுடும்" என்றார்.

நான் சரி என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவே போதும் என்றுதான் எனக்கு இருந்தது. உங்கம்மா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கால் மணி நேரம் பொறுத்தாள்.

"சார், இத மடில வெச்சிக்கினு ஒக்காரவா நாங்க காலைலேர்ந்து வரோம்?"

"ரொம்பப் பழைய பொருள்ம்மா."

"ஊதறதுக்குத்தானே செஞ்சுருப்பான்."

அப்போது நீ அழ ஆரம்பித்தாய். ரயிலில் தூங்கவில்லை, பசி இல்லை, எல்லாம் தூக்கத்துக்குத்தான். அந்தக் கூடத்தில் மெதுவாகப் பேசினாலே எதிரொலிக்கும். நீ அழுததில் கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் அதிர்ந்தன. பார்க்க வந்த நாலு பேர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். உங்கம்மா தட்டினாள், ஆட்டினாள், பாடினாள். நீ விடவில்லை. சார் ஒரு வீணையைத் தட்டி, பொம்மையைக் காட்டுகிற மாதிரி காட்டினார். அதற்கு இன்னும் பலமாக அழுதாய்.

"அவரு ஊதினாத்தான் தூங்குவா" என்றாள் உங்கம்மா.

சார் என்னைப் பார்த்தார், கார்னெட்டைப் பார்த்தார், வாய் முழுவதும் திறந்திருந்த உன்னைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை" என்றார்.

கையுறையோடு பொத்தான் அமுக்க வராது என்று கழற்றி வைத்தேன். நடுப்பொத்தானை அங்கே யாரோ சரிசெய்திருந்தார்கள், தானாக எழும்பியது. அந்தக் கூடத்தின் உயரத்தில் நம் தாலாட்டு வேறு மாதிரி கேட்டது. நானா ஊதுகிறேன் என்று எனக்கே சந்தேகம். மூன்றாவது வரியில் உன் தலை உங்கம்மா தோளில் சாய்ந்தது. நான் முடித்தேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தடவை ஊத முடியுமா?" என்று கேட்டார்.

உங்கம்மா உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசு சார். கொழந்தை தூங்குது."